டெலிட் பண்ணியாச்சு, ஆனா டிஸ்க் இன்னும் ஃபுல்லு

எங்க ஆபீஸ்ல மூலையில ஒரு லினக்ஸ் பெட்டி ஓடுது, ஃபைல் ஷேர், ஸ்கேன், பேக்கப்னு எல்லாமே அது தலையிலதான். செட் பண்ணின புண்ணியவான் 500 ஜிபி டிஸ்கை ஒரே பார்டிஷனா போட்டு லாகையும் (ப்ரோக்ராம்கள் எழுதி வெக்கற குறிப்பு ஃபைல்) டேட்டாவையும் ஒண்ணா தள்ளிட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா, "எக்ஸெல் சேவ் ஆகமாட்டேங்குது, இடம் இல்லன்னு வருது"ன்னு சத்தம். புதுசா சேர்ந்த தம்பி ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் யூசரா, உள்ள போய் ஒரு ஃபைலை காப்பி பண்ணிப் பாத்தான், ஜம்முனு ஆச்சு. "சர்வர் நல்லா இருக்குக்கா, உங்க மிஷின்லதான் கோளாறு"ன்னுட்டான். அக்கா ரீஸ்டார்ட் பண்ணாங்க, கேபிளை பிடுங்கி மாட்டினாங்க, அப்புறம் நேரா எம்டி ரூமுக்குப் போயிட்டாங்க.

விஷயம் என்னன்னா, லினக்ஸ் டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வெக்கற எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம்ல டீஃபால்ட்டா 5 சதவீத இடம் ரூட்டுக்குன்னு ஒதுங்கியிருக்கும். தெருவுக்கே தண்ணி நின்னாலும் தலைவர் வீட்டுக் குழாய்ல மட்டும் வர்ற மாதிரி, ரூட்டா போன தம்பிக்கு எல்லாம் ஓடும்.

டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டற டிஎஃப் கமாண்டை போட்டேன், 100 சதவீதம். தம்பி தேடி ஒரு ராட்சச லாகை கண்டுபிடிச்சான், ஸ்கேன் சாஃப்ட்வேரோடது, வெண்டர் ஆளு டீபக் மோடை (கோளாறு தேடறதுக்காக எல்லாத்தையும் விலாவாரியா லாக்ல எழுதறது) ஆன் பண்ணி அப்படியே விட்டுட்டுப் போயிருக்கார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டெலிட் பண்ற ஆர்எம் கமாண்டை அடிச்சுட்டான். "முடிஞ்சுதுண்ணா!"

டிஎஃப்: அதே 100. இருக்கற ஃபைல்களோட சைஸைக் கூட்டிச் சொல்ற டியூ போட்டா பாதி டிஸ்க் கூட இல்ல.

எம்டி பின்னாடி வந்து நிக்கறார். "அதான் டெலிட் பண்ணியாச்சே, அப்புறம் என்ன?" சார், போனது பேரு மட்டும்தான், ப்ரோக்ராம் இன்னும் ஃபைலை ஓப்பன்ல வெச்சு எழுதிட்டே இருக்கு, அது கையை விடற வரைக்கும் லினக்ஸோட மையமான கெர்னல் இடத்தை விடாதுன்னேன். எந்தெந்த ஃபைல் ஓப்பன்ல இருக்குன்னு சொல்ற எல்எஸ்ஓஎஃப் போட்டுக் காட்டினேன், ஃபைல் பேருக்குப் பக்கத்துல 'டெலிட்டட்'னு இருக்கு, சைஸும் முழுசா நிக்குது. மனுஷன் ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "அப்போ டெலிட் ஆயிடுச்சா ஆகலையா?"ன்னார். நியாயமான கேள்விதான்.

ஸ்கேன் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா தீர்ந்துது, ஆனா அக்கா அப்பதான் ஒரு கட்டு பில்லை ஸ்கேன்ல போட்டிருக்காங்க, "நடுவுல நிறுத்தினீங்கன்னா நான் திரும்ப போடமாட்டேன்"னு கறார். சரின்னு ஓடற ப்ரோக்ராம்களோட விவரம் இருக்கற ப்ராக் டைரக்டரில, அந்த ப்ராசஸ் ஓப்பன் பண்ணி வெச்சிருக்கற ஃபைலோட எஃப்டி (ஃபைலைப் பிடிச்சிருக்கற நம்பர்) வழியா போய் ஃபைலை ஜீரோவுக்கு வெட்டிவிட்டேன், ஸ்கேனும் நிக்கல, டிஎஃப் மளமளன்னு இறங்குச்சு, எக்ஸெலும் சேவ் ஆச்சு. கையோட டீபக்கை ஆஃப் பண்ணி லாக் ஓவரா வளராம பழசை அப்பப்ப கழிச்சு விடற லாக்ரொட்டேட்டும் போட்டாச்சு.

மறுநாள் வெண்டர்கிட்ட இருந்து மெயில்: "ஒரு பிரச்சினையை ஆராயறதுக்காக டீபக் ஆன் பண்ணி வெச்சிருந்தோம், அந்த லாகை கொஞ்சம் அனுப்பி வைங்க."