ஆக்டிவ் கான்டூர் நாட்குறிப்பு: கல்லீரல் விளிம்பு

மார்ச் 3

சிடி படத்தில் கல்லீரலைப் பிரித்தெடுக்கும் வேலை. ஆக்டிவ் கான்டூர் என்றால், உறுப்பின் விளிம்பை நோக்கி நகர்ந்து அதில் ஒட்டிக்கொள்ளும் வளைகோடு. வளைகோட்டை ஓடவிடுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. எக்ஸ்-கதிரைத் திசு எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று -1000, நீர் 0, கொழுப்பு -100 வாக்கில், மருந்து ஏற்றாத கல்லீரல் 50, 60 வாக்கில். பக்கத்துத் தசையோடு 10 அலகு வித்தியாசம் கிடைத்தாலே பெரிது. தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் 1000 இருக்கும். கோட்டை இழுக்கும் விளிம்பு விசை சாய்வின் (பிக்சலுக்குப் பிக்சல் அளவு மாறும் வேகம்) வர்க்கத்தில் கணக்கிடப்படுவதால் இந்த 100 மடங்கு 10,000 மடங்காகிறது. அதை 0–1க்குள் சுருக்கினால் கல்லீரல் விளிம்பு இருந்த தடமே தெரியாது. எனவே கீழே -100, மேலே 200 என்று முதலில் வெட்டிவிட்டு, பிறகுதான் 0–1க்கு மாற்ற வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் காஸியன் மங்கலுக்கு சிக்மா (மங்கலின் அகலம்) 1.5 பிக்சல் போதும். கூட்டிக்கொண்டே போனால் மூலைகள் மழுங்கி, விளிம்பே இடம் நகர்ந்துவிடும்.

மார்ச் 5

காஸ், விட்கின், டெர்ஸோபுலஸ் மூவரும் 1988-ல் வெளியிட்ட ஸ்னேக் முறையில் கோடு புள்ளிகளின் தொடர். அதன் வடிவைக் காக்கும் உள்விசை இரண்டு: ஆல்ஃபா ரப்பர் வளையம் போலச் சுருக்கும், பீட்டா வளைவை எதிர்க்கும். “ஆல்ஃபா எவ்வளவு வைக்கலாம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லுமுன் புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பல நிரல்கள் அந்த இடைவெளியை 1 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. அப்படிப்பட்ட நிரலில் 100 புள்ளியை 200 ஆக்கினால், எண்ணைத் தொடாமலே ஆல்ஃபாவின் விளைவு நான்கில் ஒன்றாகவும் பீட்டாவின் விளைவு 16-ல் ஒன்றாகவும் குறைந்துவிடும். பிறர் கட்டுரையில் பார்த்த எண்கள் நம் படத்தில் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆல்ஃபாவை இடைவெளியின் வர்க்கத்தாலும், பீட்டாவை அதன் நான்காம் அடுக்காலும் வகுத்துவிட்டால் தீர்ந்தது. சரியாகப் போட்டோமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பட விசையை (விளிம்பை நோக்கி இழுக்கும் விசை) நிறுத்தி, பீட்டாவை 0 ஆக்கி, 40 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தை ஓடவிடுங்கள். ஆரத்தின் வர்க்கம் ஓரலகு நேரத்துக்கு இரண்டு ஆல்ஃபா வீதம் குறைய வேண்டும். புள்ளிகளை இரட்டித்தாலும் அதே வீதம் வர வேண்டும்.

ஓடும்போது புள்ளிகள் வலுவான விளிம்பில் கூட்டம் சேரும், மற்ற இடத்தில் அருகிப்போகும். விட்டால் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு முடிச்சாகும். 5 முதல் 10 சுற்றுக்கு ஒருமுறை 1–1.5 பிக்சல் இடைவெளியில் புள்ளிகளை மறுபடி பரப்ப வேண்டும். புள்ளி எண்ணிக்கை மாறினால் ஆல்ஃபா, பீட்டாவை வைத்துக் கட்டிய அணியின் நேர்மாற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இது அடிக்கடி விட்டுப்போகிற இடம்.

மார்ச் 6

ஒவ்வொரு சுற்றிலும் கோடு எவ்வளவு நகரும் என்பதைக் கட்டுப்படுத்தும் காமாவைக் கூட்டினால் வேகம் கூடுவதில்லை, குறைகிறது: அது கோட்டின் பழைய இடத்தோடு பெருக்கப்படும் எண். மிகப் பெரிதாக வைத்தால் நகர்வு நிறுத்த வரம்புக்குக் கீழே போய், விளிம்பை எட்டாமலே “முடிந்தது” என்று நிரல் சொல்லிவிடும்.

மார்ச் 9

விளிம்பிலிருந்து சில பிக்சல் தள்ளி இருந்தாலே பட விசை சுழியம். கோஹன் 1991-ல் கொண்டுவந்த, கோட்டை உள்ளிருந்து ஊதித் தள்ளும் பலூன் விசை அந்த வெற்றிடத்தைத் தாண்ட உதவும், ஆனால் விளிம்பு மெலிந்த இடத்தில் அப்படியே வெளியே வழிந்துவிடும். 1998-ல் ஷூ, பிரின்ஸ் இருவரும் விவரித்த சாய்வுத் திசையன் பாய்வு இதைவிட நிதானமானது. விளிம்பு விசையைச் சுற்றுவெளியெங்கும் பரப்பி, குழிவுகளுக்குள்ளும் கோட்டை இழுத்துச் செல்லும். பரப்பும் அளவைச் சொல்லும் மியூவை 0.2-இல் தொடங்கலாம், இரைச்சல் அதிகமென்றால் கூட்டலாம். பிக்சல் இடைவெளி 1 என்றால் நேரப்படி (ஒரு சுற்றின் கால அளவு) 1/(4×மியூ)-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் எண்கள் வெடிக்கும்.

கோட்டை விடுமுன் இந்த விசைப்புலத்தை அம்புக்குறிகளாக வரைந்து பார்ப்பது கட்டாயம். அம்புகள் விலா எலும்பை நோக்கியிருந்தால் ஆல்ஃபாவைத் திருகிப் பயனில்லை.

மார்ச் 12

கல்லீரலும் இதயமும் உதரவிதானத்தின் மெல்லிய தாள் இடைவெளியில் ஒட்டிக்கிடக்கும் பகுதியில் விளிம்பே இல்லை. அங்கே 2001-ல் வந்த சான்–வீஸ் முறை பக்கம் திரும்பத் தோன்றும்: விளிம்பு வேண்டாம், கோட்டின் உள்ளே, வெளியே உள்ள சாம்பல் அளவுகளின் சராசரி இரண்டு போதும். ஆனால் இரு உறுப்புக்கும் சாம்பல் அளவு ஒன்றேயானால் அதுவும் கைவிரிக்கும். எம்ஆர்ஐயில் வேறு தொல்லை. சமிக்ஞை வாங்கும் சுருளுக்குப் பக்கம் வெளிச்சம், தூரத்தில் இருட்டு. ஒரே திசுவுக்கு இரண்டு சராசரி. முதலில் இந்த வெளிச்ச ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் என்4 சார்புத் திருத்தம் செய்துவிட்டுத்தான் சான்–வீஸைத் தொட வேண்டும்.

லெவல் செட்டில் (கோட்டைப் புள்ளிகளாக வைக்காமல், ஒரு சார்பின் மதிப்பு சுழியமாகும் இடமாக வைக்கும் முறை) தூரத்தை ஒழுங்குபடுத்தும் வகையைப் பயன்படுத்தினால், மியூவையும் (இங்கே அந்த ஒழுங்கின் எடை) நேரப்படியையும் பெருக்கினால் 0.25-க்குக் கீழே வர வேண்டும். நேரப்படி 5 என்றால் மியூ 0.04. சார்பு உள்ளே எதிர்மம், வெளியே நேர்மம் என்ற வழக்கப்படி, தொடக்கக் கோடு உறுப்புக்குள் இருந்தால் கோட்டை விரிக்கவோ சுருக்கவோ செய்யும் பரப்பளவுக் கெழு எதிர்மமாக வேண்டும். குறியை மாற்றிப் போட்டால் கோடு சுருங்கி மறையும். தொடக்கக் கோட்டுக்கு நரம்பியல் வலை தந்த முகமூடியை (உறுப்பு இருக்கும் பிக்சல்களின் வரைபடம்) ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் அரித்து எடுத்துக்கொள்வது இப்போதைக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி.

மார்ச் 17

மதிப்பீடு. டைஸ் எண்ணை (நம் கோடும் உண்மை உறுப்பும் எவ்வளவு ஒன்றிப்போகின்றன என்பது; முழுப் பொருத்தம் 1) மட்டும் நம்பக்கூடாது. 60 மிமீ ஆரமுள்ள கோளத்தில் கோடு எங்கும் 1 மிமீ உள்ளே நின்றால் டைஸ் 0.975. அதே 1 மிமீ பிழை 5 மிமீ ஆரமுள்ள கட்டியில் 0.68. உறுப்பு பெரிதானால் பிழை ஒளிந்துகொள்ளும். குறியோடு கூடிய சராசரி மேற்பரப்புத் தூரத்தையும், 95-ஆம் நூற்றுமான ஹவுஸ்டார்ஃப் தூரத்தையும் (மிக மோசமான 5 சதவீதத்தை விட்டுவிட்டு மிஞ்சியதில் பெரிய விலகல்) சேர்த்தே குறிக்க வேண்டும். முதலாவது தொடர்ந்து உள்பக்கமே சாய்ந்தால் ஆல்ஃபா அதிகம். இரண்டாவது மட்டும் தாவினால் எங்கோ வழிந்திருக்கிறது. தூரங்களை மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும்: தளத்துக்குள் 0.7 மிமீ, வெட்டுக்கு வெட்டு 5 மிமீ என்ற படத்தில் வோக்சல் (முப்பரிமாணப் பிக்சல்) எண்ணிக்கையாகச் சொன்ன தூரத்துக்கு அர்த்தமே கிடையாது.