சென்னை – சிட்னி: டிக்கெட்டில் தெரியும் நேரமும் உண்மையான நேரமும்

டிசம்பரில் அப்பா அம்மாவை அக்கா வீட்டுக்கு, சிட்னிக்கு, அழைத்துப் போனேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். டிக்கெட் போட உட்கார்ந்ததுமே, "நேரா போற பிளேன் இல்லையாடா? எதுக்கு சிங்கப்பூர்ல இறங்கி ஏறணும்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

சென்னையிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானம் இல்லை. ஆனால் சிங்கப்பூர் வழி ஒன்றும் சுற்றுவழி அல்ல. இரண்டு ஊருக்கும் நேர் தூரம் சுமார் 9,130 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கு 2,900, அங்கிருந்து சிட்னிக்கு 6,300. கூட்டினால் 9,200தான் வருகிறது. காஞ்சிபுரம் போகிற தூரம்தான் அதிகம்! துபாய் வழியாகக் கொஞ்சம் மலிவாக ஒரு டிக்கெட் இருந்தது. கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் மேற்கே 2,900 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 12,000 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். வயதானவர்களோடு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நேரக் கணக்கு. டிக்கெட்டில் எல்லாமே அந்தந்த ஊர் நேரம். சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, மறுநாள் இரவு 8.20க்கு சிட்னி. அம்மா விரல் விட்டு எண்ணி, "இருபத்தோரு மணி நேரமா!" என்று பயந்துபோனாள். டிசம்பரில் சிட்னி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது (டிசம்பர் அவர்களுக்குக் கோடை, அப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், மற்ற மாதங்களில் நாலரைதான்). அதைக் கழித்தால் பதினைந்தரை மணி நேரம். அதிலும் வானத்தில் இருப்பது பன்னிரண்டு, மிச்சம் சிங்கப்பூரில் காத்திருப்பு.

இந்தக் கணக்கு அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குத்தான் அதிகம் உதவியது. டாக்டரிடம் கடிகார நேரம் எதையும் சொல்லவில்லை. ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி என்று மட்டும் எழுதிக் காட்டினேன். அவரும் அதற்கேற்ப மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்ததால் மீனம்பாக்கத்தில் போட்ட பெட்டிகளை சிட்னியில்தான் எடுத்தோம். தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் சிங்கப்பூரிலேயே பெட்டிக்கு அலைய வேண்டியிருக்கும். சிட்னியில் இறங்கினதும், சாப்பாட்டுப் பொருள் கொண்டு வருகிறோமா என்று கேட்கும் ஒரு அட்டையைக் கொடுக்க வேண்டும். அதில் பருப்புப் பொடி, வத்தல், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே குறித்தோம். மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை அம்மா மனசில்லாமல்தான் வீட்டிலேயே விட்டு வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேரம் போனது, அவ்வளவுதான்.

திரும்பும்போது சிட்னி–சிங்கப்பூர் பறப்பு அரை மணி நேரம் போலக் கூடுதலாக இருந்தது. அந்த உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்க்கும். டிக்கெட்டிலோ வருகிற பயணம்தான் குறைவாகத் தெரியும். அங்கே ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.