அம்மாவின் கட்டிலோரம் ஒரு கண்ணாடி மேசை

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அம்மா கட்டிலிலேயே இருந்த வாரங்களில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்போதுதான் ஐலீன் கிரே வடிவமைத்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ணாடி மேசையைச் செய்து பார்க்கத் துணிந்தேன்.

ஐலீன் 1878இல் அயர்லாந்தில் பிறந்து பாரிசில் குடியேறிய கலைஞர். ஜப்பானிலிருந்து அங்கே வந்திருந்த சுகவாராவிடம் அரக்குப் பூச்சு வேலை கற்றார். திரைகளும் கம்பளங்களும் செய்து பிறர் வீட்டு அறைகளை அலங்கரித்தவர், 1926க்கும் 1929க்கும் இடையில் பிரான்சின் தென்கடலோரம் ரோக்புரூனில் ஒரு வெள்ளை வீட்டையே கட்டினார். அதன் பெயர் இ-1027. இ என்பது ஐலீன். 10, 2, 7 மூன்றும் ஜே, பி, ஜி என்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை எண்கள். அவர் துணைவர் ழான் (Jean) படோவிசியின் முதலெழுத்துகள் ஐலீன் கிரேயின் முதலெழுத்துகளுக்கு நடுவே பொதிந்திருக்கின்றன. படுக்கையிலேயே காலை உணவு சாப்பிட விரும்பிய சகோதரியை நினைத்து இந்த மேசையைச் செய்தார் என்பார்கள்.

அளவு எளிதுதான். கண்ணாடியின் விட்டம் 51 செ.மீ., உயரம் 62 முதல் 102 செ.மீ. வரை. தண்டு ஒரு பக்கம் மட்டும். அடி வளையம் கட்டிலுக்குக் கீழே நுழையும், கண்ணாடி மடிக்கு மேலே வரும்.

முதல் முயற்சி தப்பாகிவிட்டது. பார்க்க லேசாக இருக்கட்டும் என்று அடி வளையத்தை 40 செ.மீ.க்கு வளைக்கச் சொன்னேன். கண்ணாடி விளிம்பில் கையை ஊன்றியதும் மேசை சாய்ந்தது. மேலே இருக்கும் பாரம் அடி வளையத்துக்குள்ளேயே இறங்கினால்தான் நிற்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அழகுக்காக அவர் வைத்த வட்டம் என்று நினைத்திருந்தேன். மேசையைத் தாங்குவதே அதுதான். மறுபடி 50 செ.மீ.க்கு வளைத்தோம்.

அடுத்தது உயரம். 25 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்புக்குள் 19 மி.மீ. பைப்பை விட்டால் கடகடவென்று ஆடியது. பட்டறை அண்ணன் இடைவெளியை அடைக்கும் நைலான் வளையம் (புஷ்) கடைந்து போட்டுக் கொடுத்தார், ஆட்டம் நின்றது. 5 செ.மீ.க்கு ஒரு துளை, அதில் செருக ஒரு முள், அது தொலையாமலிருக்க ஒரு சங்கிலி. ஐலீனின் மேசையிலும் சங்கிலி உண்டு. அம்மாவுக்குப் பொருந்தியது மூன்றாவது துளை, 72 செ.மீ.

அப்புறம் சுவருக்கு வந்தேன். ஐலீனின் அந்த வெள்ளை வீட்டில் அலமாரிகளின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்து வெட்டிய அச்சுத்தகடு (ஸ்டென்சில்) வைத்து எழுதியிருப்பார். வாசலில் 'மெதுவாக நுழையுங்கள்' என்று பிரெஞ்சில் ஒரு வரி. இவ்வளவு அக்கறையாகச் செய்த சுவர்களில் பின்னாளில் லே கொர்பூசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அவரைக் கேட்காமலே பெரிய ஓவியங்கள் வரைந்தது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அம்மாவின் அலமாரிக்கு 'மாத்திரை', 'தலையணை' என்று இரண்டு சொற்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டினால் தமிழ் எழுத்துகளின் சுழிகள் உதிர்ந்துவிடுகின்றன. ணகரத்தில் மட்டும் மூன்று முறை தோற்றேன். ஒவ்வொரு சுழியையும் ஷீட்டோடு பிடித்துவைக்க 2 மி.மீ. பாலம் விட்டு வெட்டிய பிறகு நின்றது. ஸ்பாஞ்சில் பெயிண்டைக் கொஞ்சமாகத் தொட்டு ஒற்ற வேண்டும். தேய்த்தால் அடியில் கசியும். கதவருகே 'மெதுவாக வாங்க' என்றும் ஒற்றினேன். அம்மா அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தார்.

ஒரு குறைதான் மிச்சம் இருந்தது. "டம்ளர் வைக்கிறப்பல்லாம் டங்குன்னு கேக்குதுடி" என்றார். ஐலீன் தன் சாப்பாட்டு மேசைக்குத் தட்டுச் சத்தம் கேட்காதபடி கார்க் ஒட்டியிருந்தார் என்பது ஞாபகம் வந்தது. 3 மி.மீ. கார்க் ஷீட்டை 51 செ.மீ. வட்டமாக நறுக்கி, ஒட்டாமல் கண்ணாடிமேல் விரித்தேன். கழுவ எடுக்கலாம். இன்று மாலை அவர் காபி குடித்துவிட்டு டம்ளரை வைத்தது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.