மடைக்கல்லில் ஒரு சிவப்புக் கோடு

பங்குனியில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடக் கூடாது. அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கிற காலம் அது. போன வருடம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மாமா கதவைத் தட்டி, "ஏத்தா, வாய்க்கால்ல சலசலன்னு கேக்குது. எனக்குத்தான் காதுல கோளாறா?" என்றார். காது நன்றாகத்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. கண்மாய் (ஏரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மடையை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, மீன் குத்தகைக்காரர்தான்.

எங்கள் சிவகங்கைச் சீமைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு (சுமார் நூறு ஏக்கர்) மேல் இருந்தால் அந்தக் கண்மாய் பொதுப்பணித்துறை வசம் (இப்போது நீர்வளத்துறை). அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது அறுபது ஏக்கர் சொச்சம், ஆகவே ஒன்றியக் கண்மாய். காகிதத்தில் இவ்வளவுதான். நடப்பில் தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு, மீன் ஏலம் எடுத்தவருக்கு, உள்வாயில் (கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் இடத்தில்) நிற்கும் கருவேலமரம் இன்னொரு ஏலத்துக்கு, மேய்ச்சல் ஊருக்கே. நாலு பேருக்கும் ஒரே கண்மாய். சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குத்தகைக்காரர் பக்கத்து ஊர். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், அதனால் சண்டை நடுவிலும் எல்லோரும் "மாப்ளே" என்றுதான் கத்தினார்கள். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முதல் வருடம் மழை பொய்த்து, குஞ்சு வாங்கி விட்ட காசுகூடத் திரும்பவில்லை. இரண்டாம் வருடம் மீன் இருக்கிறது, பிடிக்கத்தான் முடியவில்லை. வலையை இழுத்தால் சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக் கிழிகிறது. தண்ணீரை வடித்துச் சேற்றில் அள்ளுவதுதான் அவருக்கு வழி. வடித்துவிட்டால் சித்திரை, வைகாசியில் எங்கள் ஆடு மாடு எங்கே போகும்?

குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படித்தோம். "பாசனத்துக்கும் கால்நடைக்கும் இடையூறின்றி மீன் பிடித்துக்கொள்ளலாம்." இரண்டு தரப்பும் அதே வரியைத்தான் விரலால் குத்திக் குத்திக் காட்டியது. இடையூறின்றி என்றால் எத்தனை அடி? எழுதியவருக்கே தெரியாது.

கிராம சபைக் கூட்டம் முன்பெல்லாம் வருடத்துக்கு நாலு. 2022இல் ஆறாக்கினார்கள். கூடிய இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். எங்கள் விவகாரம் சரியாக அன்றைக்குத்தான் வந்தது. தண்ணீரின் அருமை பற்றி உறுதிமொழி எடுத்த கையோடு சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வரை போகும் என்ற நிலையில், "சாயங்காலம் அய்யனார் கோயில்ல உக்காந்து பேசுவோம்" என்று தலைவர் கலைத்துவிட்டார்.

வார்டு மெம்பர் என்பதால் நானும் போனேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் ஒரு லாங்சைஸ் நோட்டைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு, கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

நீர்பாய்ச்சி தள்ளி, கோயில் குதிரைச் சிலையடியில் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஊரில் பாதிப் பேர் இன்றும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடமாக வயல் வயலாகத் தண்ணீர் கட்டுகிறவர் அவர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நான்தான், "அண்ணே, எவ்வளவு தண்ணி நின்னா மாட்டுக்குப் போதும்?" என்றேன். யோசிக்கவே இல்லை.

"மடைக்கல்லுல மூணாவது குறுக்குக்கல்லுத்தா. அதுக்குக் கீழ எறங்குனா சகதி, மாடு கால் வைக்காது. அதுல நிறுத்துனா ஆடி வரைக்கும் தாங்கும்."

அதற்குப் பிறகு பேச்சு அடிக்கணக்குக்கு வந்துவிட்டது. மூன்றாவது குறுக்குக்கல் வரை வடிக்கலாம், அதுவும் பகலில். உள்வாயில் வலை இழுக்கிற அளவுக்கு முள்ளை ஊரே வெட்டித் தரும். குத்தகை முடிந்து பதினைந்து நாள் கூடுதல். அவர் பிடித்து முடித்ததும் மிச்சம் அழிகண்மாய், யாரும் இறங்கி மீன் பிடிக்கலாம், ஊருக்குப் பொது.

பேச்சை இழுத்தடித்தது மடைச் சாவிதான். ஷட்டரைத் திருகுகிற அந்த இரும்புக் கைப்பிடி காலங்காலமாக ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் வீட்டுத் திண்ணையில் கிடப்பது. அங்கிருந்துதான் அன்று ராத்திரி போயிருக்கிறது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இனி நீர்பாய்ச்சியிடம் இருக்கட்டும் என்று இளவட்டங்கள் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. அம்பலகாரர் வெகுநேரம் வெற்றிலையை மென்றார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, "சரி, கொண்டு போகட்டும்" என்றார். அதை எழுதும்போது என் கை லேசாக நடுங்கியது.

மறுநாள் குத்தகைக்காரரே பெயிண்ட் டப்பா வாங்கி வந்தார். மூன்றாவது கல்லில் சிவப்புக் கோடு போட்டார்கள், கொஞ்சம் கோணல்தான்.

வைகாசியில் கண்மாய் அழிந்தது. விடியும் முன்பே கரை முழுக்க ஊத்தாக் கூடையும் கச்சாவலையுமாகச் சனம். வெள்ளைத் துண்டை வீசியதும் இறங்கினோம். எனக்கு மூன்று கெண்டை, காலில் ஒரு கருவேலமுள். மாமாவுக்கு முழங்கை நீள விரால். அதைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை அவர்.

நோட்டு என்னிடமே இருக்கிறது. மர ஏலம் வருகிறதாம், அதற்குள் இரண்டு பேர் தனித்தனியாக வந்து "பழைய பக்கத்தைக் கொஞ்சம் காட்டு மதினி" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.