வெளிநாட்டுக் கை எந்தப் பக்கம்?

கொரோனா தடுப்பூசிக்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி என்று தண்டையார்பேட்டை டீக்கடையில் ஒரு அண்ணன் இன்னமும் அடித்துச் சொல்வார். வெளிநாட்டுக் கை இருந்தது உண்மைதான் அண்ணே, ஆனால் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வைப் பாருங்கள். 2020-21இல் அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸ்காரர்கள் போலப் போலிக் கணக்குகள் நடத்தி, சீனாவின் சினோவாக் ஊசியை நம்பாதே என்று பரப்பியது. மத்திய ஆசியா, மேற்கு ஆசியா முஸ்லிம்களிடம் சீன ஊசியில் பன்றிக் கலப்பு என்று கிளப்பிவிட்டது. அதுவும் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில்! அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் மூத்த அதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஊசி போடச் சொன்னவர்களும் ஆசை காட்டினார்கள், சரி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஊசி போட்டவர்களுக்கான குலுக்கலில் ஐந்து பேருக்குத் தலா பத்து லட்சம் டாலர். நம்ம கோவளத்தில் பிரியாணி, குலுக்கல் பரிசு. பிரியாணியை நான் குறை சொல்ல மாட்டேன். கண் முன்னால் நீட்டுகிற ஆசை அது, வேண்டாம் என்றால் நடையைக் கட்டலாம்.

பயம் அப்படி இல்லை. நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள், 2021 ஏப்ரல் 17-இல் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு சொன்னது அக்டோபரில். அந்த அறிக்கையை எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் யாரும் ஃபார்வேர்டு செய்யவில்லை.