போஸ்ட் போடுவதற்கு முன்னால் இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள்

சிறு தொழில் செய்கிறவர்களின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. புதிதாக என்னிடம் வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபாலோயர்ஸை எப்படி ஏற்றுவது?" நான் அவர்களுடைய போனை வாங்கி முதலில் இன்பாக்ஸைத் திறப்பேன். பதில் போகாத மெசேஜ்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும். 'மெசேஜ் ரிக்வெஸ்ட்' பகுதியில் இன்னும் சில கிடக்கும். அப்படி ஒரு பகுதி இருப்பதே பலருக்குத் தெரியாது. நாம் ஃபாலோ செய்யாதவர்கள் அனுப்பும் மெசேஜ் அங்கே போய் ஒதுங்கிவிடுகிறது. புது வாடிக்கையாளர் என்றாலே நாம் ஃபாலோ செய்யாதவர்தானே!

"இது எவ்வளவு?", "இப்போது கிடைக்குமா?", "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் வேறு இடத்தில் வாங்கிப் போனவர்கள் இவர்கள். வாசல் வரை வந்தவரை உள்ளே கூப்பிட ஆளில்லாதபோது, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட ஒலிபெருக்கி வைத்து என்ன பயன்? அதனால் என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: ஒரு வாரத்துக்குப் புது போஸ்ட் எதுவும் வேண்டாம். வந்த மெசேஜுக்கும் கமெண்ட்டுக்கும் ஒன்றுவிடாமல் பதில் போடுங்கள். வந்த கேள்விகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

அந்தத் தாள்தான் பிறகு எல்லாவற்றுக்கும் மூலதனம்.

துணிப்பை தைத்து விற்கும் ஓர் அக்காவின் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தையல் அவ்வளவு நேர்த்தி. ஆனால் போஸ்ட்டெல்லாம் ஒரே மாதிரி இருந்தன: மேஜைமேல் ஒரு பை, கீழே "புது கலெக்‌ஷன் வந்தாச்சு! விவரங்களுக்கு இன்பாக்ஸ் செய்யவும்", அப்புறம் ஒரு ஹேஷ்டேக் கூட்டம். அவருக்கு வந்த கேள்விகளை இருவரும் உட்கார்ந்து தாளில் எழுதினோம். லேப்டாப் உள்ளே போகுமா? ஜிப் இருக்கா, வெறும் பட்டனா? துவைத்தால் சாயம் போகுமா? தோளில் மாட்டுகிற அளவுக்குப் பட்டை நீளமா? பெயர் தைத்துத் தருவீர்களா? ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளாகும்?

"இதெல்லாம் தினமும் சொல்ற பதில்தானே தம்பி, இதையா போஸ்ட்டா போடணும்?" என்றார். ஆமாம், இதைத்தான் போட வேண்டும். ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார் என்றால், அதே சந்தேகத்தோடு கேட்காமலே நகர்ந்து போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

முதல் கேள்விக்கு ஒரு சின்ன வீடியோ எடுத்தோம். ஜன்னல் பக்கம் பையை வைத்தார். 15 அங்குல லேப்டாப்பை உள்ளே இறக்கினார், சார்ஜரையும் போட்டார், ஜிப்பை இழுத்து மூடினார், தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நின்றார். அவ்வளவுதான். பேச்சு இல்லை. திரையில் ஒரே ஒரு வரி: "15 அங்குல லேப்டாப் உள்ளே போகுமா?" கீழே எழுதியதும் மாறியது. "கெட்டியான கான்வாஸ் துணி. உள்ளே லேப்டாப்புக்குத் தனி அறை, வெளியே போனுக்கு ஒரு பாக்கெட். குளிர்ந்த நீரில் துவைக்கலாம். பெயர் தைத்து வேண்டுமென்றால் கூடுதலாக 2 நாள் ஆகும். எந்த நிறம் என்று மெசேஜில் சொல்லுங்கள்." பழைய வரியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது படிக்கிறவரிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறது. இது அவருடைய வேலையைக் குறைக்கிறது. பை வாங்க நினைத்திருந்தவர் வீடியோவைத் தோழிக்கு அனுப்பி, "நீ கேட்ட மாதிரியே ஒன்று" என்று சொல்ல இதில் விஷயம் இருக்கிறது.

அப்படி அனுப்புவதற்கு இன்ஸ்டாகிராமிலும் மதிப்பு உண்டு. அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் இதை வெளிப்படையாகவே சொன்னார். ஒரு போஸ்ட்டை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதில் முக்கியமானவை மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அதை வேறொருவருக்கு அனுப்புகிறார்கள். நம்மை இதுவரை ஃபாலோ செய்யாதவர்களிடம் போய்ச் சேர மூன்றாவது மிக முக்கியம். "இனிய காலை வணக்கம்" படத்தை யாரும் தோழிக்கு அனுப்பி இதை வாங்கலாமா என்று கேட்கப் போவதில்லை. பண்டிகை வாழ்த்து, பொன்மொழி, கொடி பறக்கும் படம் என்று பக்கத்தை நிரப்புகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது அதை விட்டுவிடுங்கள் என்றுதான்.

விலை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: எழுதிவிடுங்கள். விலையை மறைத்தால் மெசேஜ் அதிகம் வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்களுக்குப் பதில் எழுதியே உங்கள் பொழுது போகும், கூச்சத்தால் கேட்காதவர்களையும் இழப்பீர்கள். வேலைக்கு வேலை விலை மாறும் என்றால் எங்கிருந்து தொடங்கும், எதனால் கூடும் என்று சொல்லுங்கள். அளவா, துணியா, அவசரமா? அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர் பேரம் பேசுவதும் குறைவு.

இனி, எந்தத் தளம்? இதில்தான் நிறையப் பேர் வீணாக உழைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் தையல் மெஷின் பழுதுபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு ரீல் போட்டுக்கொண்டிருந்தார். யோசித்துப் பாருங்கள்: மெஷின் நன்றாக ஓடுகிறவரைக்கும் யாருக்கும் அவர் நினைவு வராது. நூல் சிக்கி நின்றுபோன நிமிடத்தில் அவர்கள் இன்ஸ்டாகிராமைத் திறப்பதில்லை, கூகுளில் தேடுகிறார்கள். அவருக்கு முதல் தேவை, கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்தான். 2021 நவம்பர் வரை அதற்குக் கூகுள் மை பிசினஸ் என்று பெயர். காசு கிடையாது. நேரம், போன் எண், மேப்பில் சரியான இடம், எந்தெந்த மாதிரி மெஷின் பார்ப்பார், வேலை முடிந்த மெஷின்களின் படங்கள் என எல்லாவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து சரியாக நிரப்பினோம். விடுமுறை நாளில் பூட்டியிருந்தால் அதையும் முன்கூட்டியே அதில் போட்டுவிடுகிறார். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகிறவரின் கோபம் ஒற்றை ஸ்டார் ரிவ்யூவாக வந்து நிற்கும்.

பை மாதிரியான பொருள் வேறு. அதைத் தேடி வருவதைவிட, கண்ணில் பட்டு ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். அதற்கு இன்ஸ்டாகிராம் சரி. உங்களுடையது தேவை வந்தால் தேடுகிற வேலையா, பார்த்தால் பிடித்துப்போகிற பொருளா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். எல்லாத் தளத்திலும் அரைகுறையாக இருப்பதைவிட ஒன்றில் முழுசாக இருப்பது மேல்.

ரிவ்யூ பற்றி ஒன்று. வேலையை முடித்துக் கொடுத்து, வாடிக்கையாளர் சந்தோஷமாக இருக்கும் அந்த நேரத்திலேயே கேளுங்கள், லிங்க்கையும் அனுப்பிவையுங்கள். ஆனால் "ரிவ்யூ போட்டால் தள்ளுபடி" என்று சொல்லாதீர்கள். கூகுள் விதிப்படி அது கூடாது. குறை சொல்லி யாராவது எழுதினால் அவரோடு வாதாட வேண்டாம். என்ன நடந்தது, என்ன செய்துகொடுக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் பிற்பாடு வாசிக்கப்போகிறவர்கள் எல்லாம் புது வாடிக்கையாளர்கள்.

பதில் போட நேரமில்லை என்பது நியாயமான கவலை. கையில் வேலை இருக்கும்போது போனைத் தொட முடியாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இதற்காகவே இருக்கிறது. 2018-ல் வந்தது, இலவசம். அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்துவைத்து, ஒரு சாய்வுக்கோடு (/) தட்டி எடுத்து அனுப்பலாம். கேட்லாக்கில் பொருட்களைப் படத்தோடு அடுக்கலாம். 'புது ஆர்டர்', 'பணம் வரணும்' என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம். நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் மெசேஜும் உண்டு. அதில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று எழுதாதீர்கள். "காலை 10 மணிக்கு மேல் பதில் தருகிறோம். எந்தப் பை, எத்தனை, எப்போது வேண்டும் என்று இப்போதே எழுதிவைத்தால் ஒரே பதிலில் சொல்லிவிடுவோம்" என்று எழுதுங்கள். நாலு முறை போய்வரும் பேச்சு ஒரே முறையில் முடியும்.

படம் பிடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பகல் வெளிச்சம், துடைத்த லென்ஸ், வீடியோ என்றால் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து 9:16 அளவு. சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் நிறைய, அதனால் சொல்ல வேண்டியதைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டைச் சேர்ப்பதில் உரிமைச் சிக்கல் வரும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனமே இலவசமாகத் தரும் இசைத் தொகுப்பு இருக்கிறது, அது போதும். வாடிக்கையாளர் முகம் தெரிகிற படம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ப்ரொஃபைலில் பெயர் எழுதும் இடத்தில் கடைப் பெயரோடு செய்யும் தொழிலையும் சேருங்கள். இன்ஸ்டாகிராம் தேடலில் அந்த இடமும் கணக்கில் வருகிறது.

பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா? செய்யலாம், ஆனால் கடைசியில். 'பூஸ்ட்' பட்டனை எந்த போஸ்ட்டுக்கும் அழுத்தத் தோன்றும். காசு கட்டாமலே நாலு பேரைக் கேள்வி கேட்க வைத்த போஸ்ட்டுக்கு மட்டும் அழுத்துங்கள். யாருமே கண்டுகொள்ளாத போஸ்ட்டைக் காசு கொடுத்து இன்னும் ஆயிரம் பேரிடம் காட்டினால் ஆயிரம் பேர் கண்டுகொள்ள மாட்டார்கள். நோக்கமாக மெசேஜ் வருவதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பொருள் கொண்டுசேர்க்க முடிகிற பகுதியை மட்டும் குறியுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஃபாலோயர் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. வாங்க வருகிறவர் ஒவ்வொருவரிடமும் "எங்களை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், எந்தப் பக்கத்துக்கு நேரம் ஒதுக்குவது என்பதில் சந்தேகமே இருக்காது.

கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய், பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்ட கடைகள் எனக்குத் தெரியும். மின்னஞ்சல், போன் எண் இரண்டும் முதலாளியுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று வரும் மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள், அது பாஸ்வேர்டைப் பிடுங்க வருவது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒன்றாக நின்றுபோயின. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடியேபோனது. அதனால் வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைப் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே பொருளைக் கையில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புதுசு வந்தா சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். மாதத்துக்கு ஓரிரு முறை அனுப்பினால் போதும். வேண்டாம் என்று சொன்னவரின் பெயரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.