ரெட்டினா டாக்டரிடம் தேதி வாங்கிய கதை

அம்மாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, கண்புரையும் இருக்கிறது. முதலில் ரெட்டினா (அதாவது விழித்திரை) சிகிச்சை, அப்புறம்தான் புரை ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓபி சீட்டு, சொட்டு மருந்து, விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எல்லாம் மளமளவென்று முடிந்தது. ரெட்டினா டாக்டரிடம் தேதி கேட்ட இடத்தில்தான் வந்தது வினை.

கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாதக்கணக்கில் தள்ளி ஒரு தேதி போட்டார். "ரொம்ப மங்கலா இருக்குங்க அவங்களுக்கு" என்றேன். "இங்க வர்ற எல்லாருக்கும் மங்கல்தாங்க." அதற்கு மேல் என்ன பேச?

சீட்டில் பார்வை அளவு 6/36 என்று இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் நடப்பது அதில் எங்கே வருகிறது? புள்ளி வரிசை கோணிக்கொண்டு போகிறது என்று அம்மா கோலம் போடுவதை விட்டுவிட்டார். பஸ் நம்பர் தெரியாததால் கோயிலுக்குத் தனியாகப் போவதில்லை, கேட்பவர்களிடம் முட்டிவலி என்று சொல்லிக்கொள்கிறார். டாக்டர் கேட்டால் மட்டும் "பரவால்ல, தெரியுது" என்பார்!

இதெல்லாம் போகட்டும், இன்சுலின் விஷயம்தான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மெடிக்கலில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள், அம்மாவுக்கு நிறமும் தெரியவில்லை, கோட்டின் எண்ணும் தெரியவில்லை. பழைய அளவுக்கே இழுத்துப் போட, பாதி மருந்துகூட உள்ளே போகவில்லை, சர்க்கரை எகிறிக்கொண்டே இருந்தது. (இப்போது டாக்டரைக் கேட்டு இன்சுலின் பேனாவுக்கு மாற்றிவிட்டோம், ஒரு யூனிட்டுக்கு ஒரு 'டிக்', எண்ணிப் போட்டுக்கொள்கிறார்.)

இந்தச் சிரிஞ்சு கதையை ஒரு தாளில் எழுதி, சர்க்கரை ரிப்போர்ட்டோடு நேராக ரெட்டினா டாக்டர் மேஜையில் வைத்தேன். படித்தவர் அதே கவுன்ட்டர்காரரைக் கூப்பிட்டு, அடுத்த வாரமே கண்ணில் போடும் ஊசிக்குத் தேதி போடச் சொன்னார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்கணுமே! ஆகவே 'மங்கல்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், என்ன வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள், அதுவும் மருந்து சம்பந்தப்பட்டது என்றால் முதலில் அதை.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஊசி நாளன்று வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பி அம்மா பிபி மாத்திரையையும் விட்டுவிட்டார், பிபி 180-ஐத் தாண்டி நிற்க, திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த மாத்திரை போடணும், சாப்பிடலாமா என்று முந்தின நாளே நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சீட்டில் அதெல்லாம் எழுதுவதில்லை. கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ தேதியெல்லாம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடிவிடுங்கள்.

முதல் ஊசி ஒருவழியாகப் போட்டாயிற்று. அடுத்தது அடுத்த மாதம். புரைக்கு வேறு வரிசையாம், வேறு கவுன்ட்டராம், இன்னொரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்.